ஃபக்ஸ் தாளின் மேல்வரி

பஸ்ரியன் இலங்கையில், மன்னார் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். ரொறன்ரோவுக்கு வந்தபின் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினார். ஆனாலும் அரசாங்கக் கடதாசிகளைத் துருவி வாசிக்கிற பழக்கம் அவரை விடவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் அவர் குடியிருந்த அரசாங்கக் கட்டடத்தைப் பற்றி 1998இல் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினார். அப்படி எழுதுகிறவர்களை ‘புளொக்கர்’ என்று சொல்லும் வழக்கம்கூட அப்போது வந்திருக்கவில்லை. ஹீற்றர் வேலை செய்யாத வீடுகள், பதில் வராத முறைப்பாடுகள், பொறுப்பான அதிகாரிகள் யார் என்பதெல்லாம் அதில் வரும். நகரசபையிலும் சிலர் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபின் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

அந்த மாரிக் குளிரில் கட்டடத்தின் இரண்டு லிஃப்ற்றும் நின்றுபோயின. பதினேழாம் மாடியில் நெஞ்சுவலியால் துடித்த நீக்கிலாப்பிள்ளையை நாலு பேர் கதிரையில் இருத்திப் படிவழியே இறக்கினார்கள். மனிதர் தப்பிவிட்டார். லிஃப்ற்றுகள் மாதாமாதம் பரிசோதிக்கப்படுவதாக வீடமைப்பு அலுவலகம் கடிதம் அனுப்பியது.

அது பொய் என்று இராஜேஸ்வரிக்குத் தெரியும். அவர் அந்த அலுவலகத்தில் ரைப் அடிப்பவர், பஸ்ரியனின் பக்கத்தை வாசிப்பவர். மோர்னிங்சைட்டில் இரண்டு பிள்ளைகளோடு தனியே இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், பரிசோதனைப் படிவங்களைத் தமிழ்க்கடை ஒன்றின் ஃபக்ஸுக்கு அனுப்பிவிட்டுப் பஸ்ரியனுக்குத் தொலைபேசி எடுத்தார். ஆறு மாதப் படிவங்களிலும் கட்டட மனேஜரின் கையெழுத்து இருந்தது. பரிசோதித்தவரின் பெயர் எழுதும் இடம் வெறுமையாகக் கிடந்தது.

“அண்ணை, என்ர பேர் வெளியிலை வரக்கூடாது.”

“யோசியாதேங்கோ தங்கச்சி. நான் கச்சேரியிலை இருந்தவன்.”

அன்று பின்னேரமே நூலகத்து ஸ்கானரில் வைத்துப் படிவங்களைத் தன் பக்கத்தில் ஏற்றினார். ரைப் அடித்தவர் என்று இராஜேஸ்வரியின் பெயரெழுத்து இருந்த மூலையை மையால் மறைத்தார். தாளின் உச்சியில் ஃபக்ஸ் இயந்திரம் அச்சடித்திருந்த சின்ன வரியைக் கவனிக்கவில்லை. அனுப்பிய இலக்கம், திகதி, நேரம் எல்லாம் அதில் இருந்தன.

பத்திரிகைக்காரர் வந்தார்கள். ஒரு கிழமையில் லிஃப்ற் ஓடியது. மனேஜரை மாற்றினார்கள். கட்டடத்துச் சனம் பஸ்ரியனின் கையைப் பிடித்துக் குலுக்கியது. அதே கிழமை, ஃபக்ஸ் வரியில் இருந்த நேரத்தில் அலுவலகத்தில் தனியே இருந்தவர் யார் என்று பார்த்து, இராஜேஸ்வரியை வேலையால் நிறுத்தினார்கள்.

செய்தி கேட்டதும் பஸ்ரியன் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனார். இராஜேஸ்வரி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

“பேரை மறைச்சனான் தங்கச்சி...”

“மேல இருந்த வரியைப் பாத்தனீங்களோ?”

“இல்லை.”

“அப்பிடி என்ன அவசரம் அண்ணை? ஒரு நாள் வச்சு வாசிச்சிருக்கலாமே.”

“சனத்துக்காகத்தான்...” என்று தொடங்கினார். ஆனால் ஃபக்ஸ் வந்த மறுநாள், புதன்கிழமை, நகரசபைக் கூட்டத்தில் தன் பக்கத்தைப் பற்றியே எல்லோரும் பேசவேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்பது அவருக்குத் தெரியும்.

இராஜேஸ்வரியின் வேலைநீக்கத்தைப் பற்றி யூனியன் விசாரணை வைத்தபோது, பஸ்ரியன் கூப்பிடாமலே போய்ச் சாட்சி சொன்னார். அங்கே ஒளிக்கவில்லை. இராஜேஸ்வரி மக்களின் நன்மைக்காகவே கொடுத்தார், நான் என் பெயருக்காக அவசரப்பட்டேன் என்றார். எதிரே இருந்த இராஜேஸ்வரி தலையை நிமிர்த்தவேயில்லை.

எட்டு மாதம் கழித்து அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ரெக்ஸ்டேல் அலுவலகத்தில். மோர்னிங்சைட்டிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் மாறிப் போக இரண்டு மணித்தியாலம். பஸ்ரியன் தொலைபேசி எடுத்தார்.

“வேலை கிடைச்சது சந்தோசம்தான் அண்ணை. ஆனால் இனி எனக்கு ரெலிபோன் எடுக்காதேங்கோ.”

அவர் எடுக்கவில்லை. எழுதுவதையும் நிறுத்தவில்லை, அது சரியா என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த வருசம் இன்னொரு அலுவலகத்திலிருந்து ஒரு பெண், கையில் ஒரு கடதாசி இருக்கிறது என்று தொடர்பு கொண்டார்.

“அனுப்பாதேங்கோ பிள்ளை. அதின்ரை தலைப்பை மட்டும் சொல்லுங்கோ. தகவல் அறியிற சட்டத்திலை நான் முறைப்படி விண்ணப்பம் போட்டுக் கேட்டு எடுக்கிறன்.”

“சுணங்குமே அங்கிள்.”

“சுணங்கட்டும்.”

கடதாசி கைக்கு வர ஐந்து மாதம் சுணங்கியது.