இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த மாஸ்டரை உண்மை பேசுகிறவர் என்று அவருடைய மனைவிகூடச் சொன்னதில்லை. ஒருவழிச் சாலையின் நுழையக்கூடாத முனை வந்தால், "லெஃப்ட்ல திருப்புங்க" என்பார். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. நம்பித் திருப்பினால் வண்டி சட்டென்று நின்றுவிடும். கற்றுக்கொடுக்கும் கார்களில் பக்கத்து இருக்கையின் கால்மாட்டிலும் ஒரு பிரேக் உண்டு. பொய் சொல்வதற்கு முன்பே அவருடைய வலது கால் அதன்மேல் போய் உட்கார்ந்திருக்கும்.

"நான் சொன்னா கிணத்துல இறக்கிடுவீங்களா? போர்டைப் பாருங்க" என்று அதன்பிறகுதான் சிரிப்பார்.

பிறர் சொல்லை நம்பாமல் கண்ணை நம்பப் பழக்குவது மோசமான பாடமில்லை. தேவைக்கு மேல் அதை அவர் ரசித்தார் என்பதுதான் குறை. வீட்டிலும் அதே கதை. மனைவியின் கண்ணாடியை ஒளித்துவைத்துவிட்டு அவளோடு சேர்ந்து தேடுவார். பிடிக்காத உறவினர் வந்தால், அவர்கள் கிளம்பும்வரை நொண்டுவார்.

அவரிடம் கற்க வந்தவர்களில் தையல்கடை அக்கா தனி ரகம். லைசென்ஸ் தேர்வில் பலமுறை தோற்றவர். ஒவ்வொரு பெடலை மிதிப்பதற்கு முன்னும் குனிந்து காலைப் பார்ப்பார்.

"கால் எங்கயும் ஓடிப்போகாதுக்கா. ரோட்டைப் பாருங்க. தையல் மிஷினைக் குனிஞ்சு பார்த்தா மிதிக்கிறீங்க?"

"தையல் மிஷினுக்கு எதிர்ல லாரி வராது தம்பி."

அந்தச் சமயத்தில் மாஸ்டர் வீட்டில் எல்லோருக்கும் வைரஸ் காய்ச்சல் வந்து போனது. மாஸ்டருக்கு மட்டும் தலைவலி தங்கிவிட்டது. படுத்தால் கூடியது, செருப்பு மாட்டக் குனிந்தால் கண் இருட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினார்.

"காய்ச்சல் போயிடுச்சு, நடிப்புதான் இன்னும் போகல" என்றாள் மனைவி. "எழுந்து அந்தத் தண்ணி கேனைத் தூக்கி வைங்க."

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவள் பார்க்காத நடிப்பா?

மறுநாள் காலை பாடத்தின்போது மாஸ்டர், "லெஃப்ட்ல திருப்புங்க" என்றார். இடதுபக்கம் இருந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் மதில்சுவர். பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை அக்காவுக்குத் தாங்கவில்லை.

"இந்த வித்தையெல்லாம் என்கிட்ட வேணாம் தம்பி" என்று நேராகப் போனார்.

"கதவைக்... கதவைக் குடிங்க" என்றார் மாஸ்டர்.

இது புதுசு என்று அக்கா சிரித்தார். முன்னால் சிக்னல் சிவப்பானது. வழக்கம்போலக் குனிந்து பிரேக்கைத் தேடினார். பார்வை கொஞ்சம் தள்ளி விழுந்தது. மாஸ்டரின் வலது கால் இரண்டாவது பிரேக்கின் மேல் இல்லை. யாரோ கழற்றிப் போட்டதைப்போல ஒருக்களித்துக் கிடந்தது.

இந்த மனுஷன் காலை அங்கே வைக்காமல் ஒருநாளும் பொய் சொன்னதில்லையே.

"தம்பி, காலை எடுத்து பிரேக்ல வை."

அவர் முயன்றார். பிறகு, அது யாருடைய கால் என்று கேட்பதுபோல அதையே பார்த்தார். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி மேம்பாலத்துக்கு அந்தப்பக்கம். அக்கா அந்தப் பாலத்தில் ஏறியதே இல்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், வழி முழுக்க இரண்டாவது கியரிலேயே ஓட்டினார்.

"ஜன்னல்... கியர்..." என்று மாஸ்டர் திணறினார்.

"பேசாம வா. இன்னிக்கு நான்தான் மாஸ்டர்."

ஆஸ்பத்திரி வாசலை மறித்து வண்டி நின்றது. ஓரமாகப் போடச் சொல்லிக் காவலாளி ஓடிவந்தார்.

"ரிவர்ஸ் இன்னும் சொல்லித் தரல. முதல்ல இவரைத் தூக்குங்க."

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பதறி வந்து சேர்ந்த மனைவியை உட்காரவைத்துச் சொன்னார்: "மூளையிலிருந்து ரத்தம் வெளியே போற குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் அபூர்வமா இப்படி ஆகும். அந்த ரத்தக்கட்டி பெரிசாகாம இருக்க ஊசி போட்டிருக்கோம்."

"பழையபடி பேசுவாரா டாக்டர்? நான் நடிக்கிறார்னு நினைச்சேன்."

"பொறுத்துப் பார்க்கணும்மா."

அவள் கட்டிலருகே உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய பொய் ஒன்றுக்காகக் காத்திருந்தாள். பல நாள் உளறலுக்குப் பிறகு அவர் தெளிவாகச் சொன்ன முதல் வாக்கியம்: "தண்ணி கேனை நீயே தூக்கு."

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சில மாதங்களுக்கு வண்டி ஓட்டக்கூடாது. அதற்குள் அக்கா எப்படியோ லைசென்ஸ் வாங்கி, ஒரு பழைய காரும் வாங்கிவிட்டார். அடுத்த பரிசோதனைக்கு அவர்தான் கூட்டிப்போனார். மாஸ்டர் முன்னால், மனைவி பின்னால்.

"லெஃப்ட்ல திருப்புங்க" என்றார் மாஸ்டர்.

இடதுபக்கம் ஒருவழிச் சாலை. அதற்குள்ளிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. மனைவி பின்னாலிருந்து எட்டி அவர் தோளைப் பிடித்தாள். "அக்கா, சீக்கிரம் போங்க. திரும்பவும் வந்துடுச்சு போல."

அக்கா குனிந்து பார்த்தார். இந்தக் காரில் இரண்டாவது பிரேக் கிடையாது. ஆனால் அது இருக்கவேண்டிய இடத்தில், வெறும் கால்மிதியை, மாஸ்டரின் வலது கால் அழுத்திக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அக்கா, நேராகப் போனபடி. "உன் வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்கார்."

"ரோட்டைப் பாருங்கக்கா" என்றார் மாஸ்டர், எரிச்சலோடு காலை உள்ளே இழுத்துக்கொண்டு.