மாடிப்படி வரை வந்த வாசனை

புருஷன் செத்தால் பெண்டாட்டியின் மூக்கும் சேர்ந்து செத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஜனத்தின் எண்ணம். 2006-இல் அவர் போன பதினாறாம் நாள், என் அண்ணன் கடலூரிலிருந்து கோடிப் புடவை கொண்டுவந்து போட்டார். அன்றோடு பூ போச்சு, சந்தனம் போச்சு, முகத்துக்குப் போடும் பவுடர்கூடப் போச்சு. குளிக்கிற சோப்பை மட்டும் ஏனோ விட்டுவைத்தார்கள்.

நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். பிள்ளை இல்லை. "தனியா எதுக்கு இருக்குற, கடலூருக்கே வந்துடு" என்று அண்ணன் மாதம் ஒருமுறை சொல்வார். போனால் அவர் வீட்டுச் சமையலறைதான் எனக்குக் கதி. அதனால் என் வாடகை மாடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷம் ஆபீசில் எல்லோருமாகக் கொடைக்கானல் போனோம். மற்றவர்கள் சாக்லேட் வாங்க ஓடினார்கள். நான் ஒரு தைலக் கடையில் நின்றுவிட்டேன். கடைக்காரர் சைப்ரஸ் இலையில் வடித்த எண்ணெயை ஒரு காகிதத்தில் சொட்டு விட்டு நீட்டினார். வருஷம் பூராவும் பச்சை மாறாத மரமாம். மோந்ததும் மழை விட்ட பிறகு ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. ஊதுவத்தியும் கற்பூரமுமே போதும் என்று அடக்கிவைத்த மூக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சின்ன பாட்டிலோடு ஆரஞ்சுத் தோல் எண்ணெய், வெட்டிவேர் எண்ணெய், எண்ணெய் சூடாகி மணக்க அடியில் மெழுகுவத்தி ஏற்றும் மண் கிண்ணம் எல்லாம் வாங்கினேன்.

முதல் நாள் ஆசையில் பத்துப் பன்னிரண்டு சொட்டு விட்டுத் தலைவலியோடு படுத்தேன். பிறகு கை பழகியது. கிண்ணத்தில் தண்ணீர், சைப்ரஸ் மூன்று சொட்டு, ஆரஞ்சு இரண்டு, வெட்டிவேர் ஒன்றே ஒன்று. வெட்டிவேர் கூடினால் கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி மற்றவர்களைப் பேசவே விடாது. வெளிச்சமும் சூடும் பட்டால் எண்ணெயின் புதுமணம் போய்விடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பாட்டில்களைப் பீரோவில், அண்ணன் போட்ட கோடிப் புடவைக்குள் சுற்றிவைத்தேன். அந்தப் புடவைக்கு நான் கண்ட ஒரே உபயோகம் அதுதான்.

இரண்டு வாரம் நிம்மதியாகப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொல்லாமல் வந்து நின்றார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்.

"யாரு வந்துட்டுப் போனது?"

"யாரும் வரலியே."

"கீழ வீட்டுக்காரம்மா போன் போட்டாங்க. சாயங்காலமானா மாடிப்படி வரைக்கும் ஆம்பளைங்க போடுற ஷேவிங் லோஷன் வாசனை அடிக்குதாம். எனக்கும்தான் அடிக்குது. சாமானக் கட்டு, இன்னைக்கே கெளம்பலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பீரோவைத் திறந்து கோடிப் புடவையைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்தேன். பாட்டில்களை எடுத்தேன். மெழுகுவத்தி ஏற்றி, ஒவ்வொரு சொட்டாக, அவர் பார்க்கப் பார்க்க விட்டேன். சைப்ரஸ் விழுந்ததுமே அந்த லோஷன் வாசனை எழுந்தது. அவர் முகம் சிறுத்துப்போனது. நான் போட்டுக் கொடுத்த காபியை இரண்டு வாய் குடித்தார்.

"சரி, எண்ணெதான்" என்றார் கடைசியில். "ஆனா உனக்கு எதுக்கும்மா இப்ப வாசனை?"

சந்தேகப்பட்டதைக்கூட மன்னித்திருப்பேன். இதை முடியவில்லை.

"நான் இன்னும் மூச்சு விடறேண்ணே. அதுக்குத்தான். நான் எங்கியும் வரல."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நானும் பின்னாலேயே படியிறங்கினேன். கீழே வீட்டுக்காரம்மா கதவோரம் நின்றிருந்தார்.

"ம்மா, எங்க அண்ணன் இவுரு. இப்ப இவுரு மேலயும் அதே வாசனைதான் அடிக்குது, மோந்து பாத்துக்குங்க. நாளைக்கு ஏதாச்சும் கேக்கணும்னா எங்கிட்டயே கேளுங்க" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. அண்ணன் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலம் கடலூரிலிருந்து அண்ணி போன் செய்தார்.

"உங்க அண்ணன் சட்டையில ஜோரா வாசனை அடிக்குது. என்னா சென்ட்டுன்னு கேட்டா உன்னக் கேட்டுக்கச் சொல்றாரு. எனக்கும் ஒரு பாட்டில் வாங்கிக் குடேன்."

ஊர் விட்டு ஊர் போய் வாசனையோடு திரும்பிய அவரை, யாரைப் பார்த்துவிட்டு வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"வாங்கித் தரேன் அண்ணி" என்று போனை வைத்தேன். கிண்ணத்தில் புதுத் தண்ணீர் ஊற்றினேன். ஆரஞ்சு வேண்டாம், வெட்டிவேரும் வேண்டாம். சைப்ரஸ் மட்டும் ஆறு சொட்டு விட்டு, மாடிப்படிக் கதவை நன்றாகத் திறந்துவைத்தேன்.