ஸ்பேர் இன்னும் வரலை

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் ஹில்மா ரௌட்டியோ அதில் தோட்டா இருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பாள். "இப்பத்தான் பார்த்துட்டு வந்தேன்" என்று கொண்டுவந்தவர் சொல்லிவிட்டால் நான்காவது தடவையும் பார்ப்பாள். பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குழலை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒற்றைக் கண்ணால் உள்ளே நோட்டம் விட்டு, "என்னவாம் இதுக்கு?" என்பாள்.

"சுட்டா கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது, ஹில்மா."

"இழுக்கும். அதுக்கும் வயசாகுதுல்ல? வெச்சுட்டுப் போ. ஸ்பேர் வரணும்."

இது நடப்பது மிச்சிகனின் வடகோடியில், எங்கள் ஊரில், அவள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில். ஹில்மாவுக்கு வயது எழுபத்தொன்று. துப்பாக்கி ரிப்பேர் கடைக்கான லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து, போர்டைக் கழற்றிப் பன்னிரண்டு வருஷமாகிறது. போர்டு போனதே தவிர ஆட்கள் வருவது நிற்கவில்லை. கூலி வாங்கமாட்டாள். புகை போட்ட மீனோ, ஒரு ஜாடி புளூபெர்ரி ஜாமோ கொண்டுவந்தால் மறுக்கவும் மாட்டாள். ஜாமில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

கணவர் ஆர்வோ அடுப்போரம் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்திருப்பார். ஹில்மா பேசும் ஐம்பது வார்த்தைக்கு அவர் ஒன்று பேசுவார். அதுவும் பெரும்பாலும் புதிரில் நிரப்ப வேண்டிய வார்த்தையாக இருக்கும்.

ஹில்மா அமெரிக்க அரசியல் சாசனத்தைக் கைக்கடக்கமான புத்தகமாக ஏப்ரன் பையில் வைத்திருக்கிறாள். எண்ணெய்க் கறையில் பாதிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதனால் என்ன, அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. ஒருமுறை பக்கத்துத் தெருவில் பனி அள்ளும் யந்திரம் ஒன்று காணாமல் போக, ஷெரிஃப் ஆபீஸிலிருந்து இளம் போலீஸ் டெபுடி ஒருவன் வந்து, கொட்டகைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டான்.

"வாரன்ட் இருக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க. சும்மா ஒரு பார்வை."

"சும்மா பார்க்க இதென்ன மியூசியமா?" என்று கதவை அடைத்தாள்.

இரண்டு நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. சூடான ஏலக்காய் ரொட்டியும் காபியும் வெளியே வந்தன. "உன் மேல கோபமில்ல தம்பி. உன் கால்தான் என் வாசப்படி தாண்டக் கூடாது. சாப்பிடு, ஆறிடப்போகுது" என்றாள். அவனும் பனியில் நின்றபடியே மூன்று துண்டு தின்றுவிட்டுப் போனான். யந்திரம் அதன் சொந்தக்காரருடைய மைத்துனர் வீட்டில் கிடைத்தது.

இப்பேர்ப்பட்டவளோடு இருபது வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் நான். பெயர் கோரா, ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தேன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அதைப் பற்றி மட்டும் எனக்கு வேடிக்கையாக எழுத வராது. அன்றிலிருந்து துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று மனு எழுதுவதே என் வேலையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஊரே மீன் வறுவல் சாப்பிடக் கூடும் மண்டபத்தில், ஹில்மா என் எதிர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்காருவாள்.

"புத்தகத்தையெல்லாம் பூட்டி வைன்னு சொன்னா நீ சும்மா இருப்பியா?"

"புத்தகம் யாரையும் சாகடிக்காது, ஹில்மா."

"ஏன் சாகடிக்காது? நீ கொடுத்தியே எண்ணூறு பக்கத்துல ஒண்ணு, அது ஆர்வோவைப் பாதி சாகடிச்சிருச்சு."

ஒன்றைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகும். யார் எந்தப் புத்தகம் எடுத்துப் போகிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டு ஊர்ச்சபையில் ஒரு கோஷ்டி என்னை நெருக்கியபோது, முதலில் எழுந்து நின்றவள் இவள்தான். "எவன் என்ன படிக்கிறான்னு எழுதிக் கேட்பீங்க, அப்புறம் எவன் வீட்டுல என்ன இருக்குன்னு எழுதிக் கேட்பீங்க. ரெண்டும் ஒரே நோட்டுதான். கொடுக்காதே கோரா!" என்று போட்ட சத்தத்தில் பட்டியல் கேட்டவர்கள் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டார்கள். நான் நன்றி சொல்லப் போனால், "உனக்காக இல்ல. நான் எடுத்த காதல் நாவல் கணக்கு வெளிய வந்துடுமேன்னுதான்" என்றாள்.

போன வருஷம் மான் வேட்டை தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது, புது மனுவை எடுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்குப் போனேன். கையெழுத்துக்காக அல்ல, அவளைச் சீண்டத்தான். மாநிலச் சட்டசபைக்கு அனுப்புகிற மனு அது. முதல் மூன்று வரிகள், குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. "பூட்டணும். பூட்டாதவன் மடையன்" என்றாள். எனக்கே ஆச்சரியம். நான்காவது வரி: என்ன காரணத்துக்காகத் துப்பாக்கி கை மாறினாலும், ஒரு நாளைக்கானாலும், இருவர் பெயரையும் ஷெரிஃப் ஆபீஸில் பதிய வேண்டும்.

அதை மூன்று தடவை படித்தாள். தோட்டா பார்க்கிற மாதிரியே.

"இந்த வரிய அடி."

"முடியாது. இதுதான் மனுவோட உயிரே."

வழக்கமான சத்தத்தை எதிர்பார்த்தேன். அவளோ போய், ஆர்வோவை எழுப்பி, அவருடைய நாற்காலி மெத்தைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துப் பின்பக்க இரும்பு அலமாரியைத் திறந்தாள். உள்ளே பதினொரு துப்பாக்கிகள். ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய அட்டை. எதிலும் பெயர் இல்லை. 'விசை இறுக்கம்.' 'இடது பக்கம் இழுக்குது.' 'கட்டை லேசா ஆடுது.'

"எதுக்கும் எந்தக் கோளாறும் இல்ல" என்றாள் ஹில்மா. "கொண்டுவந்தவங்களுக்குத்தான் மனசு சரியில்ல. ஒருத்தன் பொண்டாட்டி போயிட்டா. ஒருத்தனுக்கு வேலை போச்சு. ஒருத்தனுக்குத் தூக்கமே இல்ல. இந்த நேரத்துல இது வீட்டுல இருக்க வேணாம்னு அவங்களுக்கே தோணுது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதான் இடது பக்கம் இழுக்குதுன்னு கொண்டுவராங்க. நானும் ஸ்பேர் வரலைங்கிறேன்."

"திரும்பக் கேட்டா?"

"கொடுத்துடுவேன். அவன் சொத்து, வெச்சுக்க நான் யாரு? ஆனா உட்கார்ந்து ஒரு காபி குடிச்சுட்டுத்தான் போகணும். முகத்தைப் பார்க்கணும்ல?"

"முகம் சரியில்லைன்னா?"

"இன்னொரு காபி."

"ஒன்பது" என்றார் ஆர்வோ, புதிரிலிருந்து தலை நிமிராமல்.

"ஆமா, ஒருத்தன் ஒன்பது காபி குடிச்சான். அப்புறம் அவனே 'ஸ்பேர் வரட்டும், வரேன்'னு எழுந்து போயிட்டான்." அலமாரியைச் சாத்தினாள். "பேர் எழுதணும்னு சட்டம் வந்தா ஒருத்தனும் வரமாட்டான், கோரா. வீட்டுலயே வெச்சுக்குவான்."

என் கணவர் லெனார்ட் வேலை பார்த்த காகித ஆலையை மூடிய வருஷத்துக் குளிர்காலம் நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது அவருடைய துப்பாக்கி ரிப்பேருக்கென்று ஆறு மாதம் இவளிடம் கிடந்தது. அவருக்காக நியாயம் கேட்கிறேன் பேர்வழி என்று மீன் வறுவல் மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் இவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். "ஒரு ஸ்பேருக்கு ஆறு மாசமா? வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே?" என்று கேட்டேன். இவள் மீனில் முள் எடுத்துக்கொண்டே, "வரும், வரும்" என்றாள். பக்கத்தில் லெனார்ட் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஹில்மா, லெனார்டோட துப்பாக்கிக்கு அன்னைக்கு என்னதான் கோளாறு?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "யாருக்கு ஞாபகம் இருக்கு? நான்தான் எதையும் எழுதி வைக்கிறதில்லையே."

வீட்டுக்குப் போனபோது லெனார்ட் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். "என்ன, மனு எழுத வார்த்தை கிடைக்கலையா?" என்றார்.

மறுநாள் ஹில்மாவின் மேஜையில் நான்காவது வரியைத் திருத்த உட்கார்ந்தோம். ஒரு வாக்கியத்துக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. "'அனுமதிக்கப்படும்'னு போட்டிருக்கியே, யாரு யாருக்கு அனுமதி கொடுக்கிறது? அடி." "'நம்பகமான நபர்'னா? நம்பகம்னு எவன் முத்திரை குத்துவான்? அடி." கடைசியில் நின்றது இதுதான்: பாதுகாப்புக்காகத் தெரிந்தவரிடம் கொஞ்ச காலம் கொடுத்துவைப்பதற்குப் பதிவு வேண்டாம். அதை ஆர்வோவிடம் படித்துக் காட்டினாள். "நல்ல வாக்கியம்" என்றார் அவர். ஒரே மூச்சில் இரண்டு வார்த்தை.

கையெழுத்து மட்டும் போடமாட்டேன் என்றுவிட்டாள். "ஃபின்லாந்துல ரஷ்ய ஜார் ஆளுங்க நோட்டோட வந்து பேர் எழுதினாங்க. எங்க தாத்தா ராவோட ராவா கப்பல் ஏறிட்டாரு. எங்க பரம்பரையே கையெழுத்துக்குப் பயந்த பரம்பரை. பேனா வேணும்னா தரேன்." ஆனால் மனு அவள் கொட்டகை மேஜையிலேயே கிடந்தது. வேட்டைக்கு முன்னால் துப்பாக்கி காட்ட வந்தவர்களில் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் அதுவரை என்னைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிப் போனவர்கள். மனு தலைநகருக்குப் போயிருக்கிறது. பதில் வரும்போது வரட்டும்.

பிப்ரவரியில் ஆர்வோ போய்விட்டார். காலையில் அடுப்போரம் நாற்காலியில், பாதி நிரப்பிய புதிர் மடியில் இருக்க, அப்படியே. சர்ச்சில் ஹில்மா நிமிர்ந்து நின்று எல்லோரிடமும் கை குலுக்கினாள். வந்த சாப்பாட்டுப் பாத்திரங்களையெல்லாம் கழுவி, அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரிடமும் ஒரு குறையும் சொல்லவில்லை, ஜாமைப் பற்றிக்கூட.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகலில் எங்கள் சமையலறைக் கதவைத் தட்டினாள். ஹில்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் படியோடு சரி. "பூட்ஸெல்லாம் பனி" என்று சாக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். அன்று உள்ளே வந்தாள். கையில் ஆர்வோவின் கட்டம்போட்ட கம்பளியில் சுற்றிய நீளமான ஒன்று. அதை மேஜை மேல் வைத்துப் பிரித்தாள். பதினாலு வயதிலிருந்து அவள் காட்டுக்கு எடுத்துப் போன துப்பாக்கி. தோட்டா இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் நான்காவது தடவையும் பார்த்தாள். நூல் கட்டிய அட்டை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது, அவள் கையெழுத்தில்.

இடது பக்கம் இழுக்குது.

வாழ்க்கையில் ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை நான். கம்பளியை மறுபடி சுற்றி, இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஸ்பேர் வர நாளாகும், ஹில்மா."

"ஆகட்டும். அவசரமில்ல."

பூட்ஸைக் கழற்றிக் கதவோரம் வைத்தாள். வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜையில் கவிழ்ந்திருந்த காபிக் கோப்பையை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.