அம்சவேணியின் டேப்பும் டிராகன் ரயிலும்

நம் பகுதிப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சங்கத்து மலருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். யாரைப் பற்றி என்று நான் யோசிக்கவேயில்லை. என் மருமகள் அம்சவேணியைப் பற்றித்தான் சொல்வேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும், முப்பது வருஷம் பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. அதனால் நான் சொல்லச் சொல்ல அடுத்த பிளாக் லீலாவதி எழுதுகிறாள். சொன்னதை மாற்றக்கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிவிட்டேன். அவளும் இந்தக் கதையில் வருகிறாள். அதையும் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அம்சவேணி திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குக் கல்யாணமாகி வந்தாள். சீராக ஒரு தையல் மெஷினும் கழுத்தில் ஒரு டேப்பும். இந்தி ஒரு சொல் தெரியாது. அவள் முதலில் கற்றுக்கொண்ட இந்தி என்ன தெரியுமா? கமர், கந்தா, பாஜு. இடுப்பு, தோள், கை. நமஸ்தே சொல்வதற்கு முன்னால் இடுப்பு அளவைச் சொல்லத் தெரிந்தவள் தில்லியிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

என் மகன் ராஜசேகரன் மத்திய சர்க்கார் மந்திராலயம் ஒன்றில் கிளார்க். ஆனால் இந்த குவார்ட்டர்ஸில் அவனை யாருக்கும் தெரியாது. டெய்லர் அம்சாவின் வீட்டுக்காரர் என்றால்தான் தெரியும். அப்படிப் பெயர் எடுத்ததற்குக் காரணம் அவள் அளவு. ஒரு நூல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். ஒரு தடவை பெரிய ஆபீசர் பெண்சாதி ஒருத்தி சிநேகிதிகளோடு வந்தாள். இடுப்பு முப்பத்தாறு வந்தது. முப்பத்திரண்டு என்று எழுது என்றாள். அம்சவேணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முப்பத்தாறு என்றே எழுதினாள்.

“மேடம், டேப் ஜூட் நஹீ போல்தா,” என்றாள். டேப் பொய் சொல்லாது என்று அர்த்தம். அந்தம்மாள் கோபித்துக்கொண்டு போய், இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள்.

இப்படிப்பட்டவளின் பெண் பொய் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

போன டிசம்பரில் இந்த லீலாவதி ரவிக்கை வாங்க வந்தாள். வந்தவள் சும்மா போகவில்லை.

“என்ன அம்சா, பெரிய பார்க்குக்கெல்லாம் போயிட்டு வந்தீங்களாமே, சொல்லவே இல்ல? உங்க இளவரசி டிராகன் ட்ரெயின்ல ரெண்டு தடவை ஏறினாளாம். பயமே இல்லையாம். அவ கிளாஸ்ல படிக்கிற என் பேத்தி வந்து ஒரே புகழ்ச்சி.”

அம்சவேணியின் வாயில் குண்டூசி இருந்தது. இளவரசி என் பேத்தி, எட்டு வயசு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளை மெஷினுக்கு முன்னால் நிற்க வைத்தாள்.

“எந்தப் பார்க்குடி?”

பெண் தரையைப் பார்த்தாள்.

“எல்லாரும் போயிருக்காங்கம்மா. ஹரியாணா பக்கம் புதுசா இருக்கே, அது. லன்ச்ல எல்லாரும் அதையேதான் பேசறாங்க. நான் மட்டும் வாயை மூடிக்கிட்டு சுப் இருந்தேன். அப்புறம்... நானும் போனேன்னு சொல்லிட்டேன்.”

“ரெண்டு தடவைன்னு ஏன் சொன்னே?”

“ஒரு தடவைன்னா நம்ப மாட்டாங்கன்னு.”

அடி விழும் என்று நான் எழுந்து குறுக்கே போனேன். விழவில்லை. அம்சவேணி மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “நாம போறோம். நீ அதுல ஏறுறே. ஏறிட்டு வந்து கிளாஸ்ல நின்னு, முன்னாடி சொன்னது பொய், இப்பச் சொல்றதுதான் நிஜம்னு சொல்றே. சரியா?”

சாயங்காலம் ராஜசேகரனிடம் சொன்னதும் அவன் ஏதோ தில்லியை விட்டே போகச் சொன்ன மாதிரி விழித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் குடும்பம் கிளம்பினால் ஒன்று கல்யாணம், இல்லை சாவு, இல்லாவிட்டால் மலை மந்திர் முருகன் கோயில். சும்மா கிளம்பிப் பழக்கமில்லை.

“அங்க போய் என்ன பண்றது?” என்றான்.

“ஒண்ணும் பண்ண வேணாம். உக்காந்தா அதுவே சுத்தும்.”

“கோயில் ஏதாச்சும் பக்கத்துல இருக்கா?”

“இல்ல. இருந்தாலும் போகல,” என்றாள். பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டாள். குளிர் விட்டிருக்கும், பரீட்சைக்கும் நாள் இருக்கும், அவனுக்கும் ஆபீஸ் கிடையாது.

அந்த ஆறு வாரம் அவள் திட்டம் போட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பதினைந்து ரவிக்கை ஒப்புக்கொண்டால் எப்படிச் செய்வாளோ அப்படி. பார்க்குக்குப் போன் போட்டாள். புடவையோடு ஏறலாமா? முந்தானையைச் செருகிப் பின் குத்தியிருந்தால் ஏறலாமாம். முழங்கால் வலிக்காரி உட்கார நிழல் உண்டா? உண்டாம். வெளிச் சாப்பாடு கொண்டுவரலாமா? கூடாதாம்.

“தயிர் சாதம் இல்லாம நான் வரமாட்டேன்,” என்றேன்.

“அத்தை, விடமாட்டாங்க.”

“அப்ப நான் வரல. நீங்க போயிட்டு வாங்க.”

அவள் என்னைக் கெஞ்சவில்லை. மறுபடி போன் போட்டாள். வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடத் தடையில்லையே என்று கேட்டாள். இல்லையாம். “பத்து மணிக்கே போறோம். கேட்டுக்கு வெளியில தயிர் சாதம், அப்புறம் உள்ளே. இப்ப வர்றீங்களா?” என்றாள். நான் வேறு என்ன சொல்வது?

தலைகீழாகச் சுற்றும்போது பைசா, போன் எல்லாம் விழுமே என்று ராஜசேகரனின் பேண்டுக்குள் ஜிப் வைத்து ஒரு பை தைத்தாள். என் செருப்புக்குப் பின்வார் தைத்தாள். பெண்ணின் சட்டைக் காலருக்கு உட்பக்கம் போன் நம்பரை நூலால் தைத்தாள். அதோடு நின்றாளா? என் ரவிக்கை ஓரத்திலும் தைத்தாள்.

“நான் என்ன தொலைஞ்சு போற சாமானா?”

“கூட்டத்துல வழி தவறினா, ரவிக்கையைத் திருப்பிக் காமிங்க, போதும்.”

“யார்கிட்டடி காமிக்கிறது?”

“லேடி போலீஸ்கிட்ட அத்தை!” என்று சிரித்துக்கொண்டே நூலைப் பல்லால் கடித்தாள்.

எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. அந்த டிராகன் ரயிலில் ஏற நூற்றிருபது சென்டிமீட்டர் உயரம் வேண்டுமாம். அம்சவேணி பெண்ணைக் கதவு நிலையில் நிறுத்தி டேப் பிடித்தாள். நூற்றுப் பதினேழரை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அளந்தாள். பாலும் முட்டையும் கொடுத்தாள். பிள்ளை குவார்ட்டர்ஸ் பார்க்கின் கம்பியைப் பிடித்துத் தொங்கோ தொங்கென்று தொங்கினாள். கிளம்ப வேண்டிய வாரம் கடைசியாக அளந்தபோது நூற்றுப் பதினெட்டு. அதற்கு மேல் ஒரு நூல் நகரவில்லை.

“தலையில கொண்டை போட்டுவிடு. குதிகால் தடிச்ச ஷூ போடு. யாரு பார்க்கப் போறா?” என்றேன்.

ராஜசேகரனும் சேர்ந்துகொண்டான். “ரயில்ல அரை டிக்கெட்டுக்கு எங்கப்பா என்னைக் காலை மடக்கி நிக்கச் சொல்லுவார். இதுவும் அந்த மாதிரிதானே? கொஞ்சம் நிமிந்து நிக்கட்டும்.”

அம்சவேணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே!

“அங்க குறுக்கே ஒரு கம்பி வரும்ங்க. அது நூத்தி இருபதுக்கு மேல இருக்கிற உடம்புக்குன்னு செஞ்சது. அளவு பத்தாத உடம்பு அதுல லூஸா இருக்கும். ரவிக்கை லூஸா இருந்தா பிரிச்சுத் தைக்கலாம். பிள்ளை நழுவினா என்ன தைப்பீங்க?”

பிறகு பெண்ணைக் கூப்பிட்டாள். “நாம போறது போறதுதான். மத்தது எல்லாத்துலயும் ஏறு. டிராகனை நின்னு பார்த்துட்டு வா. கிளாஸ்ல, பார்த்தேன், ஏற முடியலன்னு சொல்லு. அது நிஜம்தானே?”

இளவரசி தலையாட்டினாள். ஆனால் என் மடியில் வந்து படுத்துக்கொண்டு, “ஆயா, எல்லாரும் சிரிப்பாங்க,” என்று அழுதாள். எனக்கு அந்த டேப்பை எடுத்து அடுப்பில் போடலாமா என்று இருந்தது.

சனிக்கிழமை வந்தது. மெட்ரோ இரண்டு தடவை மாறி, அப்புறம் ஆட்டோ. கேட்டுக்கு வெளியே தயிர் சாதம் சாப்பிட்டோம். எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பம் பராட்டாவைப் பிரித்தது. உள்ளே போனதும் இளவரசி கப்பலில் ஏறினாள், சுழலும் கோப்பையில் ஏறினாள். சிரித்தாள், ஆனால் கழுத்து மட்டும் அந்தப் பச்சை டிராகன் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று மாடி உயரத்தில் வாயைப் பிளந்துகொண்டு போகிறது. ஜனங்கள் கத்துகிற கத்தல் கீழே வந்து விழுகிறது.

“கிட்டப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்,” என்றாள் அம்சவேணி.

வரிசை முனையில் ஒரு பலகை. அதில் நூற்றிருபதில் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் யூனிஃபார்ம் போட்ட ஒரு நடுவயசுப் பெண். பார்க்க வந்த பிள்ளையை ஏற வந்த பிள்ளை என்று நினைத்து, தோளைப் பிடித்துப் பலகையில் சாய்த்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“டீக் ஹை. ஆகே சலோ, பேட்டா.”

சரியாக இருக்கிறது, முன்னே போ என்கிறாள்! எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. ஆனால் என் மருமகள் என்ன செய்தாள் தெரியுமா? பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, “நஹீ பெஹன்ஜி. ஏக் சௌ அட்டாரஹ் ஹை. ஆப்கா போர்டு கலத் ஹை,” என்றாள். பிள்ளை நூற்றுப் பதினெட்டுதான், உங்கள் பலகைதான் தப்பு என்கிறாள்!

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நாளாகக் குட்டையான பிள்ளையை ஏற்றச் சொல்லிச் சண்டை போட்டவர்களைத்தான் பார்த்திருப்பாள். அனுமதித்த பிள்ளையை இறக்கச் சொல்லி ஒருத்தி வந்திருக்கிறாள்.

“அம்சா, அவங்களே விடறாங்க. உனக்கு என்ன?” என்று ராஜசேகரன் பல்லைக் கடித்தான்.

“பிள்ளை அவங்களுதா?”

கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். எங்கே போனாலும் அது அவளோடு போகும். தரையில் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு பலகையை அளந்தாள். சிவப்புக் கோடு அவள் டேப்பில் நூற்றுப் பதினெட்டில் வந்தது. “பார்த்தீங்களா!” என்றாள். பின்னால் வரிசை கத்தியது. “ஆன்ட்டிஜி, ஜல்தி! யஹா கப்டா சில்னா ஹை க்யா?” இங்கே துணி தைக்கப் போகிறாயா என்று கேலி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

யூனிஃபார்ம் அம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வாக்கி டாக்கியில் பேசினாள். மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஒருவர் இரும்பு டேப்போடு வந்தார். தரையிலிருந்து கோடுவரை நீட்டினார். நூற்றிருபது, மயிரிழை பிசகவில்லை.

அம்சவேணி அவர் கையிலிருந்து இரும்பு டேப்பை வாங்கினாள். தன் டேப்பை அதன்மேல் சேர்த்து வைத்தாள். அங்கே நூற்றிருபது என்ற இடத்தில் இங்கே நூற்றுப் பதினெட்டு. பதினான்கு வருஷம் இழுத்து இழுத்து அளந்ததில் துணி டேப் நீண்டுபோயிருக்கிறது. உடம்பை அளப்பதும் அந்த டேப், துணியை வெட்டுவதும் அதே டேப். அதனால் ஒரு ரவிக்கைகூடத் தப்பாகப் போனதில்லை, டேப் தப்பு என்று யாருக்கும் தெரியவும் இல்லை.

அவள் முகம் எப்படி இருந்தது என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. டேப்பை மெதுவாகச் சுருட்டினாள். அந்த அம்மாளிடம், “மாஃப் கீஜியே,” என்றாள். மன்னிப்புக் கேட்டவள், புடவைக் கொசுவத்தில் இன்னொரு பின்னைக் குத்திக்கொண்டாள்.

“அத்தை, பையைப் பிடிங்க. நானும் ஏறுறேன்.”

“நீயா?”

“கம்பி எப்படி உக்காருதுன்னு நான் பார்க்கணும்.”

ஏறினார்கள். கம்பி இறங்கியதும் அதைப் பிடித்து மேலும் கீழும் நாலு தடவை ஆட்டிப் பார்த்தாள். வண்டி கிளம்பியது. ராஜசேகரன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை, என் பேத்தியை நான்தான் பார்க்க வேண்டும். உச்சியிலிருந்து விழுந்தபோது ஒரு சத்தம் கேட்டது. பதினான்கு வருஷத்தில் அம்சவேணி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று எங்கள் திண்டிவனம் வரைக்கும் கேட்டிருக்கும்.

இறங்கி வந்தபோது பெண்ணின் கன்னத்தில் கண்ணீர். அம்சவேணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

“முடிஞ்சுதுல்ல? வா, உக்காரலாம்,” என்றாள்.

இளவரசி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இல்லம்மா. நான் ரெண்டு தடவைன்னு சொல்லியிருக்கேன்.”

அம்சவேணி பெண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தூணை விட்டுவிட்டு, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், “சொன்னியா?” என்று கேட்டாள்.

“சொன்னேன். முன்னாடி சொன்னது பொய்யான்னு கேட்டாங்க. ஆமான்னேன். கொஞ்சம் சிரிச்சாங்க. அப்புறம் டிராகன் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. அழுதேன்னு சொன்னேன். முதல்ல பயமே இல்லைன்னு சொன்னேன்ல, அதையும் மாத்திட்டேன்.”

புதிதாக ஓர் இரும்பு டேப் வந்திருக்கிறது. கதவு நிலையில் பழைய கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு, அதை வைத்து நூற்றிருபதில் புதிதாகக் கோடு போட்டாள். ஆனால் ரவிக்கைக்கு இன்னும் பழைய டேப்தான். அளவு நோட்டில் இருக்கிற நூற்றுச் சொச்சம் பேரும் அந்த டேப்பின் கணக்கில் இருக்கிறார்கள், திடீரென்று மாற்றினால் எல்லார் ரவிக்கையும் இறுக்கும் என்கிறாள். அதனால் லீலாவதி, உன் இடுப்பு அந்த நோட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம்தான். அதையும் எழுது.