வெர்லா சாவியை எடுத்த வசந்தம்

வெர்லா கோஸ்ட்யுக் எதையாவது படம் எடுக்கப் போகிறாள் என்றால், முதலில் அவளுடைய நீல பிக்கப் வண்டி ஊமையாகிவிடும். ஒரு கூப்பிடு தூரத்துக்கு முன்பே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் உருள விடுவாள். ஜல்லி ரோட்டில் நொறுநொறுவென்று போய் அது எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் படம். கதவைத் திறக்கவே மாட்டாள். கண்ணாடியை மட்டும் இறக்கி, பக்கத்து வயலில் விளைந்த மைசூர்ப் பருப்பை நிரப்பிய சின்னத் துணிமூட்டையைக் கதவின் விளிம்பில் வைத்து, அதன்மேல் நீண்ட லென்ஸைச் சாய்த்துக்கொள்வாள். வண்டியைக் கண்டு பயப்படாத மான்கூட மனிதனின் காலைக் கண்டால் ஓடிவிடும் என்பது அவள் கண்டுகொண்ட விஷயம். ப்ரென்ஹோம் ஊர்க்காரர்கள் பல வருஷமாக இதைப் பார்க்கிறார்கள். "வெர்லா பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறா" என்பது ஊரின் பழைய சிரிப்பு.

காலையும் மாலையும் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். இடைப்பட்ட பொழுதும் கோடை விடுமுறையும் அவளுக்கே சொந்தம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துத் தெற்குப் புல்வெளியில் அவள் சக்கரம் படாத ரோடு குறைவு. கணவன் மெட்ரோ உயிரோடு இருந்தவரை கூடவே வருவான். அவனுக்கு வாயை மூடி உட்காரத் தெரியாது. அதனால் அந்தக் காலத்துப் படங்களில் விலங்குகளின் பின்பக்கம்தான் அதிகம். அவன் போன பிறகு படங்கள் நன்றாக வந்தன. அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

முட்கம்பி வேலியைத் தாண்டாமல் அடியில் புகுந்து போகும் கொம்பு மான், விடிகாலைக் குளிரில் காலை உதைத்து நடனமாடும் காட்டுக்கோழி, வளையிலிருந்து தலையை மட்டும் நீட்டி முறைக்கும் ஆந்தை எல்லாம் எடுத்திருக்கிறாள். வழியில் வரும் சிற்றூர்களையும் எடுப்பாள். ஜன்னலில் பலகை அடித்து மூடிய ஹோட்டல், ஒரே ஒரு விளக்கு எரியும் கடைத்தெரு, ஆள் வராத ரயில் மேடை. ஊர்களையும் அவள் விலங்குகளைப் போலத்தான் எடுத்தாள், தள்ளி நின்று, சத்தம் காட்டாமல்.

ப்ரென்ஹோமுக்கு நூறாவது வருஷம் வந்தது. ஜூலையில் விழா. ஊர் ஹாலின் நீளச் சுவர் முழுவதும் வெர்லாவின் படங்களை மாட்டுவது என்று விழாக் கமிட்டி முடிவு செய்திருந்தது. அதுவரை அவள் படத்தை யாரும் சுவரில் மாட்டியதில்லை. குளிர்காலம் பூராவும் சமையலறை மேஜையில் படங்களைப் பரப்பி, எடுத்து, மாற்றி, மறுபடியும் பரப்பி, அவள் தூக்கம் கெட்டது.

அந்த ஏப்ரலில்தான் மூடிக் கிடந்த வங்கியின் வாசல்படிக்கு அடியில் ஒரு செந்நரி குட்டி போட்டது. முதலில் பார்த்தவள் வெர்லா. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மே மாதம் குட்டிகள் வெளியே வந்து படியில் உருண்டு விளையாட ஆரம்பித்ததும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

ரோவேனாவின் காபிக் கடையில் தினமும் காலையில் நீள மேஜை நிறைய ஆட்கள் இருப்பார்கள். பகடை உருட்டித் தோற்றவன் அன்றைக்கு எல்லாருக்கும் காபி வாங்க வேண்டும். ஊர் மேயர் ஆர்விட் டோலெஃப்சன் அந்த மேஜையின் தலைப்பக்கத்தில் உட்காருவான். வெர்லாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். வெர்லா எப்போதும் ஓரத்து மேஜையில்.

"ஆர்விட், உன் தங்கச்சி வீட்டுக் கோழிய நரி தூக்கிட்டுப் போயிருச்சாமே?" என்றார் யாரோ.

"ரெண்டு. ரெண்டும் முட்ட போடுற கோழி."

"பின்ன, போடாததையா தூக்கும்? அதுக்கும் அறிவு இருக்குல்ல" என்றாள் காபி ஊற்றிக்கொண்டே ரோவேனா. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து அந்தக் கடையை எடுத்து நடத்துகிறவள். யாருக்கும் பயப்பட மாட்டாள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. ஜூலைல எங்கெங்கேருந்தோ ஜனம் வரப்போவுது. கடைத்தெரு நடுவுல நரி குடும்பம் நடத்துறதப் பாத்தா என்ன நெனப்பான்? ஊரு செத்துப்போச்சுன்னுதான நெனப்பான்? சொறி வேற பிடிச்சிருக்கும், பிள்ளைங்க நடமாடுற எடம். நாளைக்குக் காலைல க்ளேட்டன் வந்து ஜல்லியக் கொட்டி அடைச்சிருவான். முடிஞ்சுது."

"குட்டிங்க உள்ள இருக்கே."

எல்லாரும் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, யாரு பேசுனது? வெர்லாவா?" என்றான் ஆர்விட். "ரோவேனா, மணி என்னன்னு பாத்துக் குறிச்சு வை."

வெர்லாவுக்கு முகம் சூடானது. இருந்தாலும் சொன்னாள். "ஜூன் முடியட்டும். அதுங்களே போயிடும்."

"ஜூன்ல காலி பண்றேன்னு நரிகிட்ட எழுதி வாங்கி வச்சிருக்கியா?"

சிரிப்பு கடையை நிறைத்தது. வெர்லா காபியை முடிக்காமல் எழுந்து போனாள்.

நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்று ஒரு பேச்சு உண்டு. ப்ரென்ஹோமில் அது எடுபடவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலையில் க்ளேட்டன் மண் அள்ளும் வண்டியில் ஜல்லியோடு வந்தபோது, வங்கிப் படியை ஒட்டி, குறுக்கே, நீல பிக்கப் நின்றுகொண்டிருந்தது. வெர்லா எதிர்ப்பக்கம் காபிக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

க்ளேட்டன் ஆர்விட்டின் அக்கா மகன். சின்ன வயதில் வெர்லாவின் பஸ்ஸில் போனவன். கோஸ்ட்யுக் என்பது பஸ் பிள்ளைகளின் வாயில் வெறும் 'கே' ஆகிவிட்டிருந்தது. "மிஸஸ் கே, வண்டிய நானே நவுத்திடுறேன்" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்க் கதவைத் திறந்து ஏறினான்.

அந்த ஊரில் அதுதான் வழக்கம். வண்டிச் சாவி வண்டியிலேயே இருக்கும். அவசரம் என்றால் யார் வண்டியையும் யாரும் எடுப்பார்கள், நகர்த்துவார்கள், குளிரில் நிற்கிற வண்டியைச் சூடேற்றியும் வைப்பார்கள். அதனால் க்ளேட்டனின் கை பார்க்காமலேயே சாவித் துவாரத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. குனிந்து தரையில் தேடினான். வெயில் மறைப்பை இறக்கிப் பார்த்தான்.

"மிஸஸ் கே, சாவியக் காணோமே?"

"காணாமப் போகல. என் பையில இருக்கு."

"ஏன்?"

அவன் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். சாவியை எடுத்துக்கொண்டு போவது என்றால் அக்கம்பக்கத்தானைத் திருடன் என்று சொல்வது. ஊரில் யாரும் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. ரோவேனா கண்ணாடிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்விட் காபிக் கோப்பையோடு வெளியே வந்தான்.

"என்னவாம்?"

"மிஸஸ் கே சாவிய எடுத்துட்டாங்க, மாமா."

"எடுத்துட்டாளா?" ஆர்விட் அவளைப் பார்த்தான். "வெர்லா, உன் தகர டப்பாவ இந்த ஊர்ல எவன் தூக்கிட்டுப் போவான்னு சாவிய எடுத்து வச்சிருக்க?"

"நீ."

ஒரு வார்த்தைதான். ஆர்விட்டின் கழுத்து சிவந்தது.

"க்ளேட்டன், சங்கிலிய மாட்டு. இழு."

க்ளேட்டன் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்தான். குனிந்தவன் மெதுவாக நிமிர்ந்தான். "அடியில ரெண்டு குட்டி படுத்துருக்கு. சங்கிலிய மாட்டணும்னா நான் உள்ள படுத்து நுழையணும். அதுங்க ஆத்தா எங்கேருந்து பாத்துக்கிட்டு இருக்கோ. எனக்கு என் மூக்கு வேணும், மாமா. நீ வேணா நுழைஞ்சு பாரு."

கடை வாசலில் சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை அது வெர்லாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை. அதுதான் ஆர்விட்டுக்குத் தாங்கவில்லை.

"சரி. நல்லாக் கேட்டுக்க வெர்லா. வண்டி இங்க நிக்கிற வரைக்கும் ஹால் சுவத்துல உன் படம் ஒண்ணுகூட ஏறாது. வண்டிய எடு, இப்பவே ஆள அனுப்பி ஆணி அடிக்கச் சொல்றேன். எது வேணும், நீயே சொல்லு."

சமையலறை மேஜையில் பரப்பிய படங்கள் எல்லாம் அவள் கண்ணுக்கு முன் வந்தன. எது முதலில், எது நடுவில், கொம்பு மான் ஜன்னலுக்குப் பக்கத்தில் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். எழுந்து நின்றாள்.

"படம் ஏற வேணாம். வண்டி நிக்கும்."

வண்டி நின்றது. ஓட்டுவதற்கு அவளுக்குப் பள்ளிக்கூட பஸ் இருந்தது. மற்றபடி கடைக்கும் தபால் ஆபீஸுக்கும் நடந்தாள். ஊர் அவளை நடக்கவிட்டது. யாரும் நிறுத்தி ஏற்றிக்கொள்ளவில்லை. இவளைக் கண்டதும் சிலர் வேண்டுமென்றே வண்டியிலிருந்து சாவியை உருவி, அவள் கண்ணில் படும்படி ஆட்டிக் காட்டிப் பையில் போட்டார்கள். "இங்க திருடங்க ஜாஸ்தியாயிட்டாங்கப்பா" என்று உரக்கச் சொன்னார்கள். அவளும் தன் சாவியை எடுத்து ஒரு தடவை ஆட்டிக் காட்டிவிட்டு நடந்தாள்.

ஆனால் பழக்கமில்லாத வேலை அது. சாவியை உருவியவர்கள் அதை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தேடினார்கள். ஒருவர் விதைப்பு வேலை நடுவே வயலிலேயே தொலைத்தார். ஆர்விட் வீம்புக்குக் கதவையும் பூட்டினான், சாவி உள்ளே இருக்க. க்ளேட்டன் ஒரு கம்பியை வளைத்து வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கதவு திறந்துவிடப் போனான். "மிஸஸ் கே, உங்க புண்ணியத்துல எனக்குப் புதுத் தொழில் கிடைச்சுது" என்றான். ஒரு வாரத்தில் சாவிகள் எல்லாம் பழையபடி வண்டிக்குத் திரும்பிவிட்டன. வெர்லாவின் சாவியைத் தவிர.

மதியங்களில் அவள் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்தாள். 'இந்தக் கிளை மூடப்பட்டது' என்று எழுதிய கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நாலு குட்டிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்த படம் அப்போது எடுத்ததுதான். தாய் நரி முயலோடு வந்தது, தரை அணிலோடு வந்தது, ஒருநாள் வெள்ளைக் கோழி ஒன்றோடும் வந்தது. அந்தப் படத்தையும் அவள் எடுத்தாள். அழிக்கவில்லை.

ஜூன் கடைசியில் படியடி காலியானது. அவள் இன்னும் சில நாள் பார்த்தாள். படியடிப் பொந்தின் வாயில் சிலந்தி வலை பின்னியதும் வண்டியை எடுத்தாள். அன்று மாலையே க்ளேட்டன் ஜல்லியைக் கொட்டினான்.

விழா நன்றாகத்தான் நடந்தது. ஹால் சுவரில் எங்கிருந்தோ வாங்கிய சூரியன் மறையும் படங்கள் தொங்கின. வெர்லா நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய், விருந்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, முட்டைக்கோஸ் சுருட்டல் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"வெர்லாக்கா, அந்தப் பெரிய படத்துல நம்ம ஊரு எங்கக்கா இருக்கு?" என்று ரோவேனா ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"பின்னால மலை இருக்கு பாரு" என்றாள் வெர்லா. "நம்ம ஊர்ல மலை எங்க இருக்குன்னு மேயரத்தான் கேக்கணும்."

இன்று வெர்லா இன்னும் பஸ் ஓட்டுகிறாள், கோடையில் படம் எடுக்கப் போகிறாள். அவளுடைய படங்கள் ரோவேனாவின் காபிக் கடைச் சுவரில் இருக்கின்றன, வெள்ளைக் கோழிப் படம் உட்பட. ஹாலில் ஒன்றுகூட இல்லை. மாட்டச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை. இந்த வசந்தத்தில் ஊருக்குள் நரி வரவில்லை. ஆர்விட் அவளோடு பேசுவதில்லை.