பாலத்தில் விட்டுவிட்டுப் போனவள்

என் அண்ணனுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பான். அடுத்து என்ன வரும் என்று எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் மெல்ல எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். மாட்டிக்கொள்வது நான்தான். அப்படிப்பட்டவன் ஒரு புத்தகத்தின் நூற்று நாற்பத்தோராம் பக்கத்தால் சத்தமே போடாமல் வீட்டை விட்டுப் போனான். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு வயது பதினொன்று, அவனுக்கு இருபது. படிப்பை மூட்டைகட்டி வைத்துவிட்டு கிரீஸ் டப்பாவைத் தூக்கினான். என்னைப் படிக்கவைத்தான், கட்டிக்கொடுத்தான், தான் கட்டிக்கொள்ளத்தான் மறந்துபோனான். கேட்டால், "பொண்ணு பாக்கப் போற அன்னிக்கெல்லாம் எங்கயாவது லிஃப்ட் மாட்டிக்குது, நான் என்ன பண்ண?" என்பான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். இடுப்பும் வலது முழங்காலும் போயின. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அவன் கட்டில். வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லிச் சிரிக்கிற முதல் ஆள் அவனேதான்.

செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபிக்கு அவனை இறக்குவதும் ஏற்றுவதும் என் பொறுப்பு. ஐம்பத்துநான்கு படிகள். ஒரு கை கைப்பிடிச் சுவரில், மறு கை என் தோளில். எண்பத்திரண்டு கிலோ மனுஷன். என் வலது தோள் எப்போதோ செத்துப்போய்விட்டது, சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு வேலை மங்கா வெளியிடும் ஓர் அலுவலகத்தில். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்கிற ஜப்பானியப் படக்கதைகள். மொழிபெயர்ப்பாளர் எண் போட்டு வசனங்களை அனுப்புவார். படத்தில் காலியாக இருக்கும் பேச்சுப் பலூன்களுக்குள் அவற்றை நான் பொருத்துவேன். எட்டு வருஷமாக இதே பிழைப்பு. கதை எனக்குள் இறங்குவதே இல்லை. அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்குப் பசியா எடுக்கும்?

கதையெல்லாம் அண்ணனுக்குத்தான். 'உப்பு மலைச் சூனியக்காரி' என்றால் அவனுக்கு உயிர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் புத்தகத்தைத் தொடுவான். அதில் ஒரு சூனியக்காரிக்கு நெருப்பு வரம் வேண்டும் என்று அவளுடைய அண்ணன் தன் இரண்டு கால்களையும் மலைக்குக் கொடுத்துவிடுகிறான். நான்காம் தொகுதியிலிருந்து அவள் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். என் அண்ணனுக்கு இந்தக் கதை ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசியதில்லை.

பத்தொன்பதாம் தொகுதி அச்சாகி வந்ததும் சனிக்கிழமை மதியம் கொடுத்தேன். அவன் படித்தால் தெருவுக்கே கேட்கும்.

"என்னடா இது, இவ்ளோ பெரிய தொட்டிய ஒத்தைக் கயித்துல இழுக்கறான்! எதிர்ப்பக்கம் எடை எங்க? பத்தடி ஏறினதும் அறுந்து விழும், எல்லாரும் சாவானுங்க!"

நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த குரல்.

"போன தொகுதியில இந்த டிராகனுக்கு இடது கண்ணுல அம்பு. இப்ப ரெண்டு கண்ணும் பளபளன்னு இருக்கு. வரையறவன் தூங்கிட்டானா?"

பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணாடி மேசைமேல் இருந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது.

"பாப்பா, இங்க வா. இந்தக் கொடுமைய நீயே பாரு."

நூற்று நாற்பத்தோராம் பக்கம். உடைந்த பாலம். பனி. அண்ணன்காரன் கீழே கிடக்கிறான், அவள் நிற்கிறாள். அவள் பலூனில், "இத்தனை வருஷம் சுமந்தது போதும். இங்கேயே விட்டுவிடலாம்." அவன் பலூனில், "உளறாதே. கையைக் கொடு." அடுத்த பக்கம் முழுக்க வெறும் பனி. தொகுதி முடிந்தது.

"நன்றி கெட்டவ! கால் ரெண்டையும் குடுத்தவன்டி அவன்! கையக் குடுன்னு கெஞ்சறான், விட்டுட்டுப் போறா! இவளுக்கு நெருப்பு ஒரு கேடா? எழுதினவன் கையில கிடைச்சான்னா..."

திட்டிக்கொண்டே போனான். அவளைத் திட்டினான், எழுதினவனைத் திட்டினான், அச்சடித்தவனைத் திட்டினான். அரை மணி நேரம். முந்தின நாள்தான் வெள்ளிக்கிழமை. தோள் தீயாக எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காகிதப் பெண்ணுக்கு நான் ஏன் வக்காலத்து வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"போதும் நிறுத்துண்ணா! பதினஞ்சு தொகுதி தூக்கியிருக்கா. தூக்கறவளுக்குத்தான் வலி தெரியும். உக்காந்த இடத்துலேர்ந்து நியாயம் பேசறது சுலபம்!"

அவன் என்னைப் பார்த்தான். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். புத்தகத்தை மூடினான்.

"சரிதான்" என்றான்.

மறுநாள் காலையில் நான் காய்கறி வாங்கித் திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. அவனோடு வேலை பார்த்த 'நட்டு' வந்து முதுகில் தூக்கி இறக்கிக்கொண்டு போனானாம்.

"நான் சொல்லிப் பார்த்தேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பார்த்தீங்களா? நல்லாப் பார்த்தீங்க! கதவைச் சாத்திட்டுப் பார்த்தீங்களா, திறந்துட்டா?"

போன் செய்தால் எடுக்கவில்லை. கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன், இரண்டு படி இறங்கித் திரும்பிவிட்டேன். அவன்தானே போனான், அவனே வரட்டும் என்று வீம்பு.

திங்கள்கிழமை அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் குடும்பத்தைப் பிரித்த பக்கத்தை ஆசை தீர முறைக்க வேண்டும் என்றுதான் திறந்தேன். பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளரின் தாள் கிடந்தது. முதல் வசனத்துக்கு நேரே 'அண்ணன்' என்று எழுதியிருந்தார்.

படத்தை மறுபடி பார்த்தேன். வழக்கமாக வலப்பக்க பலூனுக்குத்தான் முதல் எண். இந்தப் படத்தில் அண்ணன்காரனுடைய இடப்பக்க பலூன் ஒரு விரற்கடை மேலே இருந்ததால் அதற்கு முதல் எண் கொடுத்திருக்கிறார். என் கை எட்டு வருஷப் பழக்கத்தில் வலப்பக்கமே போயிருக்கிறது. போதும், விட்டுவிடலாம் என்று சொன்னவன் கீழே கிடந்த அண்ணன். உளறாதே, கையைக் கொடு என்றவள் அவள்.

பிழை பார்க்கிறவரிடம் போய்க் கத்தினேன். "கதை நல்லாப் போச்சேன்னு விட்டுட்டேம்மா" என்றார் அந்த மகானுபாவர். அவரிடம் கத்தி என்ன பயன்? மாற்றி வைத்தவள் நான். சரியான பக்கத்தைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் கிளம்பினேன்.

நட்டுவின் வீடு ஒரு டயர் கடைக்குப் பின்னால், தரைத்தளத்தில் ஒற்றை அறை. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ பழைய மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். கையைத் துணியில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினான். இரண்டு தடவை படித்தான். முகம் மலர்ந்தது, பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மலர்ந்தது.

"அப்ப அவ விடல!"

"விடலண்ணா. நான்தான் மாத்தி வச்சிட்டேன். என் தப்பு."

"பாவம், அவள என்னென்னவோ திட்டிட்டேன்."

"சரி, வா. வீட்டுக்குப் போலாம். ஆட்டோ வெளிய நிக்குது."

அவன் தாளை மடித்து என்னிடமே நீட்டினான்.

"புத்தகத்துல அவ சொல்லல, பாப்பா. வீட்டுல நீ சொன்னியே."

"அது கோபத்துல வந்துடுச்சுண்ணா."

"கோபத்துலதான் வரும்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் கத்தவில்லை. கிரீஸ் பட்டுவிடும் என்று கையை என்மேல் படாமல் விலக்கி வைத்துக்கொண்டான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அலுவலகத்தில் மறுபதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். என் வாயிலிருந்து வந்ததை எங்கே கொண்டுபோய்த் திருத்துவது?

"இங்க படியே இல்ல, பாத்தியா" என்றான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தாங்கப் போன என் கையை வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஒவ்வோர் அடியாக வாசல்வரை தானே நடந்து வந்து, என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான்.