ஐஸ் தொட்டியில் ஒரு ரெகுலேட்டர்

மேட்டூரிலிருந்து ராத்திரியே மதுரைக்கு வந்து, காலை ஐந்தே காலுக்குத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினேன். ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். ஆறு ரூபாய் இருபது காசு. மடியில் இருந்த காக்கிப் பையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எட்டிப் பார்த்தது. "டாக்டரா சார்?" என்றார் கண்டக்டர். இல்லை என்றேன். "அப்ப லக்கேஜ் போடணும்," என்றார். டாக்டர் என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நான் மேட்டூர்க்காரன். அணைகளின் மதகுகளைத் தண்ணீருக்கடியில் பழுதுபார்ப்பது என் வேலை. பையில் இருந்தது ரெகுலேட்டர். சிலிண்டரில் அடைத்த காற்றை, நாம் உறிஞ்சும்போது மட்டும் அளந்து வாய்க்குத் தருகிற கருவி. போன குளிர்காலத்தில் எங்கள் ஆட்களை இமயமலைப் பக்கத்து அணை ஒன்றுக்கு இரவல் கொடுத்தார்கள். கரையோரம் பனிக்கட்டி மிதந்த தண்ணீர் அது. என் கூட்டாளி கோவிந்தன் அறுபதடி ஆழத்தில் மதகின் ஷட்டரை நெம்பிக்கொண்டிருந்தபோது, இதே ரெகுலேட்டர் மூடாமல் பீறிட்டு, சிலிண்டர் காலியாகி, அவன் நீலம் பாரித்த முகத்தோடு மேலே வந்தான். உயிர் பிழைத்தது, நுரையீரல் பழையபடி ஆகவில்லை. விசாரணை அறிக்கையில் ஒரே வரி: "முக்குளிப்பவர் பதறியதால் ஏற்பட்ட விபத்து." பன்னிரண்டு வருடம் பதறாதவன் அன்றைக்கு மட்டும் பதறினானாம்! அதே ரெகுலேட்டரைத் துடைத்து, எண்ணெய் போட்டு, இந்த வருடம் என் கையில் கொடுத்தார்கள். எட்டு நாளில் நான் அதே அணைக்குப் போக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஆதாரம் வேண்டும். போவதென்றால் வேறு ரெகுலேட்டர் வேண்டும். இரண்டையும் தேடித்தான் இந்தப் பயணம்.

எட்டயபுரத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. இரண்டு வடை, ஒரு டீ. அதற்கப்புறம் கரிசலும் உடைமரமுமாகப் போய், காற்றில் உப்பு தட்டியபோது மணி ஒன்பது.

பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கப்பல் சாமான் கடை வைத்திருந்தார் பொன்னையா அண்ணாச்சி. வெளிநாட்டு மாலுமிகள் விற்றுவிட்டுப் போகிற கயிறு, விளக்கு, திசைகாட்டி எல்லாம் அங்கே சேரும். சங்கு குளிக்கிறவர்களில் சிலிண்டர் கட்டுகிற ஒன்றிரண்டு பேருக்கும் அவர்தான் காற்று அடைத்துத் தருகிறார். நான் கேட்டதும் கண்ணாடி போலப் பளபளக்கும் புது ரெகுலேட்டர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"உறிஞ்சிப் பாரும் வே. பூ மாதிரி காத்து வரும்."

வந்தது. என் பையிலிருந்ததும் அப்படித்தான் பூ மாதிரி தரும். தூத்துக்குடிக் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே அது போதும். குளிர்த் தண்ணீரில் கதை வேறு. அடைபட்ட காற்று விரியும்போது தானே குளிரும். சுற்றியுள்ள தண்ணீரும் குளிர்ந்திருந்தால், உள்ளே ஸ்பிரிங்கைச் சுற்றி நிற்கும் நீர் உறைந்து, வால்வு திறந்தபடியே இறுகிவிடும்.

மேல் தட்டில் கறுத்துப்போன ரெகுலேட்டர் ஒன்று கிடந்தது. ஸ்பிரிங் அறையை ரப்பர் மூடியால் அடைத்து உள்ளே எண்ணெய் நிரப்பியிருந்தார்கள். தண்ணீர் ஸ்பிரிங்கைத் தொடவே வழியில்லை.

"அது எதுக்கு ஒமக்கு? நார்வேக் கப்பல்காரன் ஒருத்தன் தந்தது. மூணு வருசமா இங்கன கெடக்கு. இளுத்து இளுத்து நெஞ்சு வலிக்குன்னு ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான்," என்றார் அண்ணாச்சி. பில்லும் கிடையாது. பில் இல்லாமல் எங்கள் ஆபீஸில் ஒரு குண்டூசிகூட உள்ளே வராது.

முதலில் குளிரில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அண்ணாச்சி சிரித்தார். "தூத்துக்குடியில குளிரா? ஐஸ் கம்பெனிக்குத்தான் போணும்." வேடிக்கைக்குச் சொன்னார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பதினொரு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் ஆலையில் இருந்தோம். அண்ணாச்சி கடைச் சிலிண்டரைச் சுமந்து வந்த ரிக்‌ஷாவுக்கு ஒன்றரை ரூபாய். ஆலையை நடத்துபவர் லூர்தம்மா. நாற்பது வயதிருக்கும், கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சாவிக்கொத்து. கோவிந்தன் கதையை நின்றபடியே கேட்டார்.

"பதறுனாவன்னு எழுதுனவன் தண்ணிக்குள்ள எறங்குனானா?"

"இல்லக்கா."

"ஏலே, மீன் கழுவுத தொட்டியத் தேச்சுக் கழுவி ஐஸப் போடுங்கலே," என்று ஆட்களுக்குக் குரல் கொடுத்தார்.

நாலடி ஆழச் சிமெண்டுத் தொட்டி. பத்துப் பாளம் ஐஸும் நல்ல தண்ணீரும் நிரப்பி அரை மணி நேரம் விட்டார்கள். அண்ணாச்சி தந்த ரப்பர் உடையை மாட்டி, ஆபீஸ் ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பூட்டி, உள்ளே முங்கிப் படுத்தேன். பல் கிட்டியது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பதினைந்து. ஒன்றும் ஆகவில்லை! ரெகுலேட்டர் சமர்த்தாகக் காற்றுத் தந்தது. தலையைத் தூக்கியபோது அண்ணாச்சி வேறெங்கோ பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கணம் கோவிந்தனையே சந்தேகப்பட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

லூர்தம்மாதான் பிடித்தார். "சார், நீங்க தொட்டியில கெடந்து தூங்குதிய. உங்க கூட்டாளி அங்கன தூங்கவா போனாவ? வேல செஞ்சாவளா இல்லையா?"

செவிட்டில் அறைந்தது போலிருந்தது. விபத்துக்கு அப்புறம் ஆபீஸில் இதைச் சோதித்தவர்களும் இப்படித்தான் உட்கார்ந்து மூச்சு விட்டுப் பார்த்திருப்பார்கள். நாற்காலியில் இருப்பவன் மூச்சும் ஷட்டரை நெம்புகிறவன் மூச்சும் ஒன்றா?

மறுபடி முங்கினேன். மிதக்கும் ஐஸ் பாளங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் அமுக்கி அந்தக் கோடிக்குத் தள்ளினேன். மூச்சு வாங்கியது, நெஞ்சு காற்றை வாரி வாரி இழுத்தது. நாலாவது பாளத்தில் வாய்க்குள் ஊசி போல ஏதோ குத்தியது. பனித்துகள். அடுத்த நொடி காற்று கன்னத்தைக் கிழிப்பது போல் பீறிட்டது. துப்பிவிட்டு எழுந்து, வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தொட்டிக்குள் ரெகுலேட்டர் தன்பாட்டுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. அதன் உடம்பெல்லாம் வெள்ளையாக உறைபனி. நாங்கள் மூன்று பேரும் சிலிண்டர் தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்ப யாரு பதறுதா?" என்றார் லூர்தம்மா.

"காத்துல ஈரம் இருந்துச்சும்பான் ஆபீஸ்காரன்," என்றார் அண்ணாச்சி. வியாபாரி புத்தி! அவரே கடைக்குப் போய், அதே சிலிண்டரில் அதே கம்ப்ரஸர் காற்றை நிரப்பிக்கொண்டு வந்தார். அதே காற்றில் கறுப்பு ரெகுலேட்டர் உறையாவிட்டால் அந்தச் சாக்கு செல்லாது. மதியம் இரண்டு மணிக்குக் கறுப்பு ரெகுலேட்டரோடு இறங்கினேன். புது ஐஸ், அதே வேலை. இழுக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. ஆனால் இருபது நிமிடம் பாளம் தள்ளியும் ஒரு மூச்சுக்கூடத் தவறவில்லை. விறைத்துப்போன என்னை இரண்டு பேர் தூக்கி வெயிலில் போட்டார்கள். தூத்துக்குடி வெயிலை அவ்வளவு நன்றியோடு யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

கறுப்பு ரெகுலேட்டரின் விலை முந்நூற்றைம்பது ரூபாய். பில் இல்லாததால் சொந்தக் காசு. நடந்ததை ஒரு முழுத்தாளில் எழுதினேன். லூர்தம்மா வாசித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, ஐஸ் ஆலை முத்திரையையும் ஓங்கிக் குத்தினார். அதற்குக் கீழே அண்ணாச்சியும் கையெழுத்துப் போட்டார்.

மாலை நாலரைக்கு மதுரை பஸ். "அப்ப தைரியமா எறங்கலாம், என்ன?" என்றார் வழியனுப்ப வந்த அண்ணாச்சி. தலையாட்டினேன். பஸ் ஊரைத் தாண்டி உப்பளங்கள் பின்னால் போகப் போக, அந்தத் தலையாட்டல் சரியில்லை என்று தோன்றியது. எங்கள் மேட்டூரில் பங்குனி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, உறைந்த தண்ணீருக்குள் ஒருவன் எப்படி இருந்தான் என்று எழுதிவிட்டார்கள். எனக்கு நல்ல ரெகுலேட்டர் கிடைத்துவிட்டதால் அந்த எழுத்து அழிந்துவிடுமா?

நாளைக் காலை பத்து மணிக்கு இரண்டு ரெகுலேட்டர்களையும் தாளையும் அதிகாரியின் மேசையில் வைப்பேன். கறுப்பு ரெகுலேட்டரோடு போய் வா என்று அவர் உடனே சொல்லக்கூடும், எனக்குத் தெரியும். முதலில் கோவிந்தன் அறிக்கையிலிருந்து "பதறியதால்" என்ற வார்த்தையை அடிக்கட்டும். அதுவரை நான் எந்தத் தண்ணீரிலும் இறங்குவதாக இல்லை.